வாங்கிய நாணயம், ஈட்டிய நாணயம்: இணைய விளையாட்டுப் பணமும் சீன, கொரியச் சட்டங்களும்

முன்னுரை

2009 ஜூன் 4 அன்று சீனாவின் பண்பாட்டு அமைச்சகமும் வணிக அமைச்சகமும் சேர்ந்து இணைய விளையாட்டு நாணயம் குறித்து ஓர் அறிவிக்கை வெளியிட்டன. அதே ஆண்டு டிசம்பர் 24 அன்று தென் கொரிய உச்ச நீதிமன்றம், விளையாட்டுப் பணத்தை வாங்கி விற்ற இருவர் குற்றமற்றவர்கள் என்ற தீர்ப்பை உறுதி செய்தது. இரண்டுக்கும் இடைவெளி ஏழு மாதம்கூட இல்லை. திரைக்குள் இருக்கும் காசை உண்மையான காசுக்கு விற்கலாமா என்ற ஒரே கேள்விதான் இரண்டு இடத்திலும் எழுந்தது. பதில்களோ எதிரெதிர்த் திசையில் போயின.

விளையாட்டில் ஒருவர் கையில் காசு இரண்டு வழிகளில் சேர்கிறது. ஒன்று, நிறுவனத்திடம் பணம் கொடுத்து வாங்குவது. மற்றொன்று, மணிக்கணக்கில் அமர்ந்து அரக்கர்களை வீழ்த்தியும் பொருள்களைத் திரட்டியும் ஈட்டுவது. சீனச் சட்டம் வாங்கிய நாணயத்துக்கு வரையறை வகுத்து அதைச் சுற்றி வேலி கட்டியது. கொரியச் சட்டம் விளையாடிப் பெற்ற நாணயத்தை எடுத்துக்கொண்டு, அது எப்படி வந்தது என்று விசாரித்தது. ஒவ்வோர் அரசும் முதலில் எதைக் கண்டு அஞ்சியதோ, அந்த அச்சமே அதன் சட்டத்தின் வடிவத்தைத் தீர்மானித்தது என்பதும், இரண்டு சட்டங்களிலும் அந்தக் காசை உழைத்து ஈட்டிய தொழிலாளிக்கு இடமில்லாமல் போனது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

சந்தை பிறந்த விதம்

ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் சேர்ந்து வாழும் விளையாட்டு உலகங்கள் 1990களின் இறுதியில் பரவின. அமெரிக்காவில் 1997இல் அல்டிமா ஆன்லைனும் 1999இல் எவர்குவெஸ்டும் வந்தன. தென் கொரியாவில் என்சிசாஃப்ட் நிறுவனம் 1998இல் லீனியேஜ் விளையாட்டை வெளியிட்டது. இவற்றுக்கென்று தனி நாணயம் இருந்தது. லீனியேஜின் நாணயத்துக்கு அடேனா என்று பெயர். வாளும் கவசமும் அடேனாவுக்குக் கிடைத்தன. அடேனா சேர்க்க நேரம் வேண்டியிருந்தது. நேரம் இல்லாதவரிடம் பணம் இருந்தது. பணம் இல்லாதவரிடம் நேரம் இருந்தது. சந்தை உருவாக இவ்வளவே போதும்.

அமெரிக்கப் பொருளியலாளர் எட்வர்ட் காஸ்ட்ரோனோவா 2001இல் எழுதிய ஆய்வு இந்தச் சந்தையை முதன்முதலாகக் கணக்கில் கொண்டுவந்தது. எவர்குவெஸ்டின் நாணயமும் பொருள்களும் ஏலத் தளங்களில் விற்ற விலையை வைத்து, அந்தக் கற்பனை நாட்டில் ஒருவரின் ஒரு மணி நேர உழைப்பு 3.42 டாலர் பெறும் என்று அவர் கணக்கிட்டார். கற்பனை நாட்டின் உழைப்பு உண்மை நாட்டின் கூலியோடு ஒப்பிடத்தக்கது என்பதை அந்த எண் காட்டியது. அதே 2001இல் கொரியாவில் ஐட்டம்பே தொடங்கப்பட்டது. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் நின்று தரகு பெறும் தளம் அது. சீனாவில் 5173 என்ற தளம் அதே வேலையைச் செய்தது.

விளையாட்டு நிறுவனங்கள் இந்த வணிகத்தை ஒப்பந்த விதிகளால் தடுக்கப் பார்த்தன. விளையாட்டுக்குள் இருப்பதெல்லாம் நிறுவனத்தின் சொத்து, பயனருக்குப் பயன்படுத்தும் உரிமை மட்டுமே உண்டு என்பது அவற்றின் வாதம். தனியார் ஒப்பந்தத்தால் அடக்க முடியாத அளவுக்குச் சந்தை வளர்ந்த பிறகுதான் அரசுகள் உள்ளே வந்தன.

சீனா: யுவானுக்குக் காவல்

சீன அரசின் கவனத்தை முதலில் ஈர்த்தது வாளேந்திய வீரர்களின் தங்கமல்ல. டென்சென்ட் நிறுவனம் 2002இல் அறிமுகப்படுத்திய கியூ நாணயம் அது. ஒரு யுவான் கொடுத்தால் ஒரு கியூ நாணயம். கியூகியூ அரட்டைச் சேவையில் உருவப்படத்துக்கு உடை வாங்கவும் சிறு விளையாட்டுகள் ஆடவும் அது பயன்பட்டது. நாளடைவில் டென்சென்டுக்குத் தொடர்பே இல்லாத இடங்களிலும் அதைப் பணமாக ஏற்றுக்கொண்டார்கள். தனியார் நிறுவனம் தன் விருப்பப்படி எத்தனை வேண்டுமானாலும் வெளியிடக்கூடிய ஒன்று நாட்டின் நாணயம் செய்யும் வேலையைச் செய்யத் தொடங்கியது. நாணய வெளியீட்டைத் தன் தனியுரிமையாகக் காத்துவந்த அரசுக்கு இது எளிதில் கடந்துபோகும் செய்தி அல்ல.

2007 பிப்ரவரியில் 14 அரசுத் துறைகள் கூட்டாக ஓர் அறிவிக்கை வெளியிட்டன. இணைய மையங்களையும் இணைய விளையாட்டுகளையும் ஒழுங்குபடுத்துவது அதன் நோக்கம். மெய்நிகர் நாணயம் பற்றிய பகுதி அதற்குள் வந்தது. நிறுவனங்கள் வெளியிடும் மொத்த அளவுக்கும் ஒருவர் வாங்கும் அளவுக்கும் கட்டுப்பாடு வேண்டும். அந்த நாணயத்தால் உண்மைப் பொருள் எதையும் வாங்கக் கூடாது. திரும்பப் பணமாக்கினாலும் வாங்கிய விலைக்கு மேல் போகக் கூடாது. வாங்கி விற்று இலாபம் பார்ப்பது முற்றிலும் தடை. இவை அதன் சாரம்.

அடுத்த ஆண்டே வேறொரு துறை வேறொரு குரலில் பேசியது. பெய்ஜிங் வரி அலுவலகத்தின் கேள்விக்கு 2008இல் பதிலளித்த தேசிய வரி நிர்வாகம், விளையாடுவோரிடமிருந்து மெய்நிகர் நாணயத்தை வாங்கிக் கூடுதல் விலைக்கு விற்பவர் பெறும் வருமானம் சொத்து மாற்ற வருமானம் என்றும், அதற்குத் தனிநபர் வருமான வரி உண்டு என்றும் அறிவித்தது. அந்த வகை வருமானத்துக்கு வரி 20 விழுக்காடு. 2007இல் தடை செய்யப்பட்ட மறுவிற்பனை 2008இல் வரி செலுத்தத்தக்க வருமானமாகிவிட்டது. ‘சொத்து’ என்ற சொல்லையும் வரித்துறை கூசாமல் பயன்படுத்தியது. ஒழிக்க முடியாததை அரசு கணக்கில் எழுதத் தொடங்கிய தருணம் இது.

2009 ஜூன் அறிவிக்கை இந்த முரணுக்கு ஒரு தீர்வு கண்டது. வணிகத்தைத் தடை செய்வதற்குப் பதில் உரிமத்துக்குள் கொண்டுவந்தது. நாணயம் வெளியிடும் நிறுவனம் வேறு, அதை விற்க இடம் தரும் நிறுவனம் வேறு. ஒரே நிறுவனம் இரண்டையும் செய்யக் கூடாது. விற்பவர் அடையாள அட்டையோடு உண்மைப் பெயரில் பதிவு செய்து, அதே பெயரிலுள்ள வங்கிக் கணக்கை இணைக்க வேண்டும். சிறார்களுக்கு வணிகச் சேவை தரக் கூடாது. பணமோ நாணயமோ போட்டுக் குலுக்கலில் பரிசு எடுக்கும் முறைக்குத் தடை. விளையாட்டை மூடும் நிறுவனம் 60 நாள் முன்பே அறிவித்து, மீதமுள்ள நாணயத்துக்குப் பணம் திருப்பித் தர வேண்டும். சேவை தொடர்ந்து 30 நாள் நின்றுபோனால் மூடியதாகவே கருதப்படும்.

வெளிநாட்டு ஏடுகளில் சில இதைச் சீனா விளையாட்டுத் தங்க வணிகத்தைத் தடை செய்துவிட்டதாக எழுதின. அறிவிக்கையின் வரையறையைப் படித்தால் அந்த வாசிப்பு நிற்காது. மெய்நிகர் நாணயம் என்பது நிறுவனம் வெளியிட்டு, பயனர் சட்டப்படியான பணத்தால் நேரடியாகவோ மறைமுகமாகவோ வாங்கி, விளையாட்டு நிரலுக்கு வெளியே சேமித்து வைக்கப்படுவது என்கிறது அந்த வரையறை. ஆடும்போது கிடைக்கும் பொருள்கள் அதில் சேரா என்றும் தெளிவாகச் சொல்கிறது. ரீசார்ஜ் அட்டையும் முன்பணப் புள்ளிகளும் வேலிக்குள் வந்தன. அரக்கனை வீழ்த்தியவன் பையில் விழுந்த தங்கம் வேலிக்கு வெளியே நின்றது. அரசு காத்தது யுவானை; ஆகவே யுவான் தொட்ட காசை மட்டுமே அது நாணயம் என்று அழைத்தது.

இந்த விதிகள் 2010 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்த இணைய விளையாட்டு மேலாண்மைத் தற்காலிக விதிமுறைகளில் இடம்பெற்றன. துறைகளின் பொறுப்புகள் மாற்றியமைக்கப்பட்ட பின் 2019 ஜூலையில் அந்த விதிமுறைகள் நீக்கப்பட்டன.

கொரியா: சூதின் நிழல்

கொரியாவின் கதை ஒரு சூதாட்ட ஊழலில் தொடங்குகிறது. ‘கடல் கதை’ என்று பொருள்படும் பாதா இயாகி என்ற விளையாட்டு இயந்திரம் 2000களின் நடுவில் நாடெங்கும் கூடங்களில் வைக்கப்பட்டது. வென்றவருக்குப் பரிசுச் சீட்டு கிடைக்கும். கூடத்தின் அருகிலேயே ஒரு சாவடியில் அந்தச் சீட்டைக் கழிவு போக ரொக்கமாக்கிக்கொள்ளலாம். விளையாட்டு என்ற பெயரில் உரிமம் பெற்ற சூதாட்டம் இப்படிக் குடும்பங்களைக் கடனில் தள்ளியது. 2006இல் ஊழல் வெடித்தபோது அதிபர் ரோ மூ-ஹியுன் மக்களிடம் வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது.

சிக்கல் விளையாட்டில் மட்டும் இல்லை, அதைப் பணமாக்கும் சாவடியில் இருக்கிறது என்று சட்டமியற்றுவோர் கண்டார்கள். 2007 ஜனவரியில் விளையாட்டுத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் திருத்தப்பட்டது. விளையாடிப் பெற்ற புள்ளி, பரிசு, விளையாட்டுப் பணம் போன்றவற்றை ரொக்கமாக்குவதையோ அதற்குத் தரகு பார்ப்பதையோ திரும்ப வாங்குவதையோ தொழிலாகச் செய்வது குற்றம் என்றாகியது. 5 ஆண்டு வரை சிறை, அல்லது 5 கோடி வோன் வரை அபராதம். எந்த விளையாட்டுப் பணம் இதற்குள் வரும் என்பதை அதிபர் ஆணை விளக்கியது: பந்தயம் கட்டப் பயன்படுவது அல்லது தற்செயலாகக் கிடைப்பது, ஊடுருவல் போன்ற முறைகேடான வழியில் உண்டாக்கியது.

தெரு முனைச் சாவடிக்கு எழுதிய சட்டம் லீனியேஜ் உலகத்துக்கும் பொருந்துமா? இந்தக் கேள்விதான் முன்சொன்ன வழக்கில் எழுந்தது. குற்றம் சாட்டப்பட்ட இருவரும் சுமார் 23 கோடியே 40 லட்சம் வோனுக்கு அடேனா வாங்கி, ஏறத்தாழ 2,000 பேரிடம் விற்று, 2 கோடி வோன் அளவுக்கு இலாபம் பார்த்திருந்தார்கள். முதல் நீதிமன்றம் தண்டித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் விடுவித்தது. உச்ச நீதிமன்றம் விடுதலையை உறுதி செய்தது. சீட்டாட்டப் பணம் போல அடேனா தற்செயலில் கிடைப்பதல்ல. ஆடுபவர் செலவிட்ட நேரத்துக்கும் முயற்சிக்கும் ஏற்பவே சேர்கிறது. எனவே தடைசெய்த பணத்தின் பட்டியலில் அது இல்லை என்பது தீர்ப்பின் அடிப்படை.

இந்த வழக்கு வரலாற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்த இடம்தான். ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பணத்தின் பின்னால் இருப்பது உழைப்பு என்று கண்டது. 2012இல் அதே நீதிமன்றம் இன்னோர் அடி வைத்தது. விளையாட்டுப் பணம் மதிப்புக் கூட்டு வரிச் சட்டத்தின்படி ‘சரக்கு’ என்றும், அதைத் தொடர்ந்து விற்பவர் வணிகர் என்றும் தீர்ப்பளித்தது. சீன வரித்துறை ‘சொத்து’ என்றது. கொரிய நீதிமன்றம் ‘சரக்கு’ என்றது. இரு நாட்டிலும் விளையாட்டுப் பணத்துக்கு நேர்ப்பொருளில் பெயர் சூட்டிய முதல் சட்டம் வரிச் சட்டமே என்பது கவனிக்க வேண்டியது.

அதே 2012இல் கொரிய அரசு ஆணையைத் திருத்தியது. பட்டறை வைத்துத் தொழிலாகவே உற்பத்தி செய்யும் விளையாட்டுப் பணமும் பொருளும் தடைக்குள் வந்தன. பொழுதுபோக்காக ஆடிச் சேர்த்ததை ஒருவர் விற்கலாம். அதையே பிழைப்பாகக் கொள்ளக் கூடாது என்பது புதிய எல்லை.

வேலிக்கு வெளியே நின்றவர்

இந்தப் பிழைப்பைக் கொண்டவர் யார்? மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ஹீக்ஸ் 2008இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, விளையாட்டுத் தங்கம் திரட்டுவதையே வேலையாகக் கொண்டோர் சுமார் 4 லட்சம் பேர். அவர்களில் 80 முதல் 85 விழுக்காட்டினர் சீனாவில் இருந்தார்கள். சராசரி மாதக் கூலி ஏறத்தாழ 145 டாலர்.

2007இல் நியூயார்க் டைம்ஸ் இதழுக்காக ஜூலியன் டிபெல் எழுதிய நேரடிச் செய்திக் கட்டுரை, நான்ஜிங் நகரப் பட்டறை ஒன்றின் கணக்கைத் தருகிறது. இரவு முழுதும் 12 மணி நேரம் வேலை. 100 தங்க நாணயம் திரட்டினால் தொழிலாளிக்கு 10 யுவான், அதாவது சுமார் 1.25 டாலர். பட்டறை முதலாளி அதை 3 டாலருக்கோ சற்றுக் கூடுதலாகவோ இணைய வணிகருக்கு விற்பார். கடைசியில் வாங்கும் அமெரிக்க ஆட்டக்காரர் 20 டாலர் வரை கொடுப்பார். உலகின் எந்த நெசவுப் பட்டறைக்கும் பொருந்தக்கூடிய கூலிக் கணக்கு இது. 2011இல் கார்டியன் நாளேடு இதனினும் கொடிய செய்தியை வெளியிட்டது. சீன உழைப்பு முகாம் ஒன்றில் பகலில் கடின வேலை செய்த கைதிகள் இரவில் விளையாட்டுத் தங்கம் திரட்டக் கட்டாயப்படுத்தப்பட்டதாகவும், இலக்கை எட்டாதவர்கள் அடிக்கப்பட்டதாகவும் முன்னாள் கைதி ஒருவர் அதில் சாட்சி சொன்னார்.

சட்டங்களை இந்தக் காட்சிக்கு எதிரே வைத்துப் பார்க்க வேண்டும். சீன அறிவிக்கையில் நிறுவனத்துக்குக் கடமை உண்டு, பயனருக்குப் பணம் திரும்பும் உரிமை உண்டு, சிறாருக்குப் பாதுகாப்பு உண்டு. அந்தத் தங்கத்தை ஈட்டியவருக்கு ஒரு சொல் இல்லை. அவர் ஈட்டியது வரையறையிலேயே சேரவில்லை. கொரியாவில் உழைப்பு என்ற சொல் தீர்ப்பில் ஒலித்தது. ஆனால் அது காப்பாற்றியது வாங்கி விற்ற இடைத்தரகரை. உழைப்பைத் தொழிலாகக் கொண்டவரை 2012 ஆணை குற்றத்தின் பக்கமே தள்ளியது.

முடிவுரை

பத்தாண்டுக்குச் சற்று மேற்பட்ட இந்த வரலாற்றில் ஒழுங்குமுறை மூன்று படிகளில் நகர்ந்திருக்கிறது: தடை, வரி, உரிமம். சீனா முப்பது மாதங்களுக்குள் மூன்றையும் கடந்தது. கொரியா தடையில் தொடங்கி, நீதிமன்றத்தின் வழியே அதைச் சுருக்கி, ஆணையின் வழியே மீண்டும் விரித்தது. நாணயத்தின் தன்மை இருவருக்கும் ஒன்றாகவே இருந்தது, அச்சம்தான் வேறு. யுவானுக்காக அஞ்சியவர் காசு எங்கே செலவாகிறது என்று பார்த்தார். சூதுக்காக அஞ்சியவர் காசு எப்படி வந்தது என்று பார்த்தார்.

யாருடைய கை அதை ஈட்டியது என்பதே கேட்கப்படாத கேள்வி. விளையாட்டுச் சொத்துகள் பிளாக்செயின் வில்லைகளாக விற்கப்படும் இந்நாளிலும் அரசுகள் நாணயம், சூது, வரி என்ற பழைய மூன்று தலைப்புகளின் கீழேயே சட்டம் எழுதுகின்றன. நான்காவது தலைப்பாகக் கூலி சேர வேண்டும். வேலை நேரம், குறைந்தபட்ச ஊதியம், கட்டாய உழைப்புக்குத் தடை என்று தொழிலாளர் சட்டம் நூறாண்டுக்கும் மேலாகச் சொல்லிவருவதெல்லாம் திரைக்கு முன் அமர்ந்திருப்பவருக்கும் உரியவை. அடேனா நேரத்தாலும் முயற்சியாலும் சேர்ந்தது என்று சியோலில் நீதிபதிகள் ஏற்றுக்கொண்ட உண்மையை, நான்ஜிங் பட்டறையில் இரவெல்லாம் விழித்திருந்தவர் பக்கமாகவும் திருப்பிப் படிக்கும் சட்டம் இனிமேல்தான் எழுதப்பட வேண்டும்.