மணியும் பவளமும் எல்லைப்புறப் பேச்சும்

தணிகை வேலன் திருவருளால் ஆடிக் கிருத்திகை மலருக்கு எழுதும் பேறு இவ்வாண்டும் வாய்த்தது. மலர்க் குழுவினர் ‘பிள்ளைகளின் கலப்பு மொழி’ என்று தலைப்பையும் தாங்களே தந்துவிட்டார்கள். ஓய்வுபெற்ற தமிழாசிரியன் கண்டித்துத்தானே எழுதுவான் என்று நினைத்திருப்பார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். இலக்கண நூல்களைப் புரட்டப் புரட்ட, கண்டிப்பதற்குக் காரணம் குறைந்துகொண்டே வந்தது.

ஆந்திரத்தோடிருந்த தமிழ்ப் பகுதிகளை மீட்க நடந்த வடக்கெல்லைப் போராட்டத்தையும், அதில் முன்னின்ற ம.பொ.சி., மங்கலங்கிழார் ஆகியோரின் தொண்டையும் இந்த மலரைப் படிப்பவர்களுக்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. 1960 ஏப்ரல் 1ஆம் நாள் திருத்தணி வட்டாரத்தாராகிய நாம் சென்னை மாநிலத்தில் சேர்ந்தோம். புத்தூரும் சித்தூரும் ஆந்திரத்தின் பக்கம் நின்றன. கொள்வினை கொடுப்பினை மட்டும் முன்போலவே நடந்தது. ஆர்.கே.பேட்டையில் மாமியார் தெலுங்கும் மருமகள் தமிழும் பேசும் வீடுகள் இன்றும் உண்டு.

இனி நூலுக்கு வருவோம். தொல்காப்பியர் எச்சவியலில் செய்யுளுக்குரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுக்கிறார். நான்கில் இரண்டு வெளியிலிருந்து வந்தவை. அவற்றை அவர் வாசலில் நிறுத்தவில்லை. வடசொல்லானால் வடவெழுத்தை விட்டுவிட்டு வா என்கிறார். உருச் சிதைந்து வந்தாலும் தமிழோடு பொருந்துமானால் விலக்க வேண்டாம் என்றும் அடுத்த சூத்திரத்திலேயே இடம் தருகிறார். திசைச்சொல்லுக்கு அவர் குறிக்கும் பன்னிரு நிலங்களைப் பெயர் சொல்லி அடுக்கும் உரையாசிரியர்கள் அருவாநாட்டை அடுத்து அருவா வடதலை என்றொரு நாட்டைச் சொல்கிறார்கள். வேங்கடத்தை ஒட்டிய நம் வட்டாரம் அதற்குள் அடங்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அப்படியானால் நம் பேச்சு வழக்குக்கு இலக்கணத்தில் ஓர் இருக்கை அன்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது!

வீரசோழியம் இன்னும் துணிச்சலான நூல். வீரராசேந்திர சோழன் காலத்தில், பதினொன்றாம் நூற்றாண்டில், புத்தமித்திரனார் இயற்றியது. தமிழினிடையே வடவெழுத்து விரவி வந்தால் அதற்கு ‘விரவியல்’ என்றும், வடசொற்களே கலந்து எதுகையின்றி நடந்தால் ‘மணிப்பிரவாளம்’ என்றும் பெயரிட்டு, அலங்காரப் படலத்திலேயே சேர்த்துவிட்டார். கலப்பு அவருக்கு அணி. வைணவ ஆசாரியர்கள் திருவாய்மொழிக்கு எழுதிய ஈடு முதலிய வியாக்கியானங்கள் இந்த நடையில்தான் நடக்கின்றன. நாம் மணிப்பிரவாளத்தை முத்தும் பவளமும் கோத்தது என்போம். பதினான்காம் நூற்றாண்டுக் கேரள இலக்கணமாகிய லீலாதிலகம் ‘மணி’ என்பதற்கு மாணிக்கம் என்று பொருள் கொள்கிறது. மாணிக்கமும் சிவப்பு, பவளமும் சிவப்பு; சேர்த்துக் கோத்தால் எது எங்கே முடிகிறதென்று கண்ணுக்குத் தெரியக்கூடாது என்பது அதன் கருத்து. முத்தைவிட மாணிக்கமே எனக்கு உகந்தது.

இந்தக் கண்ணோடு நம் தறிக்கூடத்துக்குப் போங்கள். தெலுங்கு பேசும் வீட்டுப் பையன் ‘பீம்லோ பாவு அய்போயிந்தி’ என்பான். நூல் சுற்றிய உருளையாகிய பீம் ஆங்கிலம், நெடுக்கு நூலாகிய பாவு தமிழ். வேற்றுமை உருபும் வினைமுற்றும் தெலுங்கு. தமிழ் வீட்டுப் பையன் ‘பீம்ல பாவு ஆயிடிச்சி’ என்பான். பெயர்ச்சொல் எந்த ஊரிலிருந்தும் வரலாம். உருபும் முற்றும் மட்டும் வீட்டு மொழிக்கே உரியவை. ஆங்கில வினை வந்தாலும் தனியே நிற்காது. ‘அட்ஜஸ்ட் பண்ணு’ என்றோ ‘அட்ஜஸ்ட் சேயி’ என்றோ துணைக்கு ஒரு வினை வேண்டும். யாரும் கற்றுக்கொடுக்காத இந்த விதியைப் பிள்ளைகள் மீறி நான் கேட்டதில்லை. வீட்டு எல்லை தாண்டினால் கலவை இன்னும் கூடும். பேருந்து நிறுத்தத்தில் ‘சோளிங்கர் லாஸ்ட் பஸ் பூட்ச்சா?’ என்று ஒருவர் கேட்பார். ‘இப்புடே போயிந்தி அண்ணா, ஷேர் ஆட்டோல போயிடுங்க’ என்று பதில் வரும். கேட்டவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஆட்டோவைத் தேடிப் போவார்.

நம் மலைக்கே இதில் பங்குண்டு. தணிகையைப் பலபடப் பாடிய அருணகிரிநாதர், சுவாமிமலைத் திருப்புகழ் ஒன்றில் தேவர்களை முருகனுக்குச் ‘சலாம்’ இட வைத்திருக்கிறார். அரபிலிருந்து வந்த சொல் அது. வேலவன் காதுக்கு அது இனித்திருக்கிறது, நமக்கென்ன? முத்துசுவாமி தீட்சிதர் இதே மலையில் அருள்பெற்று முதல் கீர்த்தனையை வடமொழியில் பாடினார் என்பது எல்லோரும் அறிந்தது. அவரே மாயவரத்து அபயாம்பாள் மேல் ஸ்ரீராகத்தில் வடமொழி, தெலுங்கு, தமிழ் மூன்றையும் ஒரே பாட்டில் வைத்து மணிப்பிரவாளக் கீர்த்தனை செய்தார். கிருத்திகையன்று ஆந்திரத்து அடியார்கள் ‘சுப்ரமண்யேஸ்வரா’ என்று படியேற, நாம் ‘அரோகரா’ என்று பின்தொடர்கிறோம்.

நன்னூல் உரைகாரர்கள் திசைச்சொல் வரும் நாடுகளைத் தெலிங்கம், சாவகம் என்று விரித்துக்கொண்டே போய்ச் சீனத்தையும் சேர்த்திருப்பார்கள். அந்தச் சீனத்தின் தென்கரையில் உள்ள ஹாங்காங் 1842 முதல் 1997 வரை ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. 1974 வரை அங்கே ஆங்கிலம் ஒன்றே ஆட்சிமொழி. தெருவிலோ கான்டனீஸ். பிள்ளைகள் இரண்டையும் கலந்தார்கள். கான்டனீஸில் ஆமா இல்லையா என்று கேட்க, சொல்லை இரட்டித்து நடுவே எதிர்மறையாக ஒரு ‘ம்’ வைப்பது வழக்கம். ஆங்கிலச் சொல்லையும் அதே அச்சில் வார்த்து ‘ஷுர் ம் ஷுர்?’ என்று கேட்கிறார்கள். அங்கேயும் பெரியவர்கள் முணுமுணுப்பதுண்டு. சொல் வெளியார், இலக்கணம் வீட்டார் என்னும் நம் தறிக்கூட விதிதான் அங்கேயும் ஆள்கிறது.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளை கலந்து பேசுகிறான் என்று அடிக்காதீர்கள். ஒரு மொழியிலாவது முழுக் கடிதம் எழுத வருகிறதா என்று பாருங்கள். எனக்குக் கவலை அங்கேதான். தெலுங்கு பேசத் தெரிந்து எழுத்து அறியாதவரும், தமிழ் படித்தும் ஒரு விண்ணப்பத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரரைத் தேடுபவரும் நம்மிடையே பெருகிவிட்டார்கள். நாள்தோறும் ஒரு திருப்புகழை வாய்விட்டுப் படிக்கச் செய்யுங்கள். தெலுங்கு வீட்டார் தங்கள் கவி வேமனரையும் சேர்த்துக்கொள்ளட்டும்.

இன்னொன்று. கைத்தறி குறைந்து பவர்லூம் வந்த பிறகு, அச்சு, விழுது, நாடா, ஊடை என்று பெரியவர்கள் வாயிலிருந்த தறிச்சொற்கள் மெல்லக் கழன்றுகொண்டிருக்கின்றன. உங்கள் வீட்டுப் பாட்டனாரிடம் கேட்டு, தமிழா தெலுங்கா என்று பாராமல், சொல்லையும் அது எந்த உறுப்பைக் குறிக்கிறது என்பதையும் ஒரு தாளில் எழுதி மலர்க் குழுவிடம் கொடுங்கள். கையெழுத்து மோசமானாலும் பரவாயில்லை. அடுத்த ஆண்டு மலரில் அவற்றுக்கு நான்கு பக்கம் ஒதுக்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.