தனுஷ்கோடியில் எஞ்சியவர்கள்

தனுஷ்கோடியின் கதையைச் சொல்வோர் பெரும்பாலும் தொடர்வண்டியில் தொடங்கித் தொடர்வண்டியிலேயே முடிப்பர். 1964 டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டிய வேளையில், பாம்பனிலிருந்து வந்த பயணியர் வண்டியைப் பேரலை கவிழ்த்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நெஞ்சை உலுக்கும் நிகழ்ச்சிதான். ஆயினும் அப்புயலைப் பயணிகளின் கண்கொண்டு மட்டும் பார்த்தால், அதன்பின் அக்கரையில் நிகழ்ந்த வரலாறு நமக்குப் புலப்படாது.

தனுஷ்கோடியில் இரண்டு ஊர்கள் இருந்தன எனலாம். ஒன்று, 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின் வளர்ந்த துறைமுக நகரம். சென்னையிலிருந்து வந்தோர் இங்கிருந்து கப்பலேறித் தலைமன்னாரை அடைந்தனர். நம் முன்னோர் மலாயாவுக்கு வர நாகப்பட்டினத்தில் கப்பலேறியதுபோல, இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர் பலருக்கு இதுவே வாயிலாயிற்று. மற்றொன்று மீனவர் ஊர்.

மீனவரை அம்மணல்திட்டில் நிறுத்தியவை இரு கடல்கள். வடக்கே பாக்கு நீரிணைப் பக்கத்து ஆழங்குறைந்த கடலைப் பெண்கடல் என்றும், தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் அவர்கள் வழங்குவர். தென்மேற்குக் காற்றில் தெற்கு கொந்தளித்தால் வடக்கு அடங்கியிருக்கும். வாடைக்காலத்தில் நிலை மாறும். ஒரு கடல் மறுத்தால் மறுகடலுக்கு நடந்தே செல்லலாம். வலையைப் படகில் கொண்டுபோய் அரைவட்டமாக விரித்து, இரு முனைக் கயிறுகளையும் இரு குழுவினர் கரையில் நின்று இழுப்பது கரைவலை. அத்தொழிலுக்கு வலையைவிடக் கைகளே முதல். புயல் ஆட்களைக் கொண்டுபோனபோது தொழிலின் முதலும் உடன் போயிற்று.

வாழ்வு தந்த நில அமைப்பே அழிவுக்கும் வழியாயிற்று. இலங்கையின் வடபகுதியைக் கடந்து வந்த புயல், கடல்நீரைத் திரட்டித் தாழ்ந்த மணல்மீது ஏற்றியது. ஓடி ஏற மேட்டு நிலம் இல்லை.

அடுத்து நடந்ததை மாணவர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். பாம்பன் பாலம் பொறியாளர் ஈ. ஸ்ரீதரனின் பொறுப்பில் 46 நாள்களில் சீராயிற்று. கடலில் விழுந்த உத்தரங்களையே மீட்டுப் பொருத்தினர். தனுஷ்கோடிக்கான இருப்புப்பாதை மட்டும் மீண்டும் போடப்படவில்லை. கப்பல் போக்குவரத்து இராமேசுவரத்திற்கு மாறியது. ஊர் வாழத் தகுதியற்றது என அரசு அறிவித்தது. துறைமுக நகரைப் பொறுத்தவரை அம்முடிவில் நியாயம் உண்டு. வண்டியும் கப்பலும் வேறிடம் செல்லலாம், மீன் செல்லாதே! மீனவர் திரும்பி வந்தனர். வாழத் தகாததென எழுதப்பட்ட ஊருக்கு மின்கம்பம் எதற்கு, சாலை எதற்கு என்பதே பின்னர் அவர்கள் எதிர்கொண்ட இரண்டாம் பேரிடர். ஓலைக் குடிசைகளில், மணலில் தோண்டிய ஊற்றுநீரைப் பருகி ஒரு தலைமுறைக்கும் மேலாக வாழ்ந்தனர். பிடித்த மீன் மணல்வழியேதான் சந்தைக்குப் போயிற்று. அரிச்சல்முனை வரையிலான தார்ச்சாலை 2017இல், புயலுக்கு 53 ஆண்டுகளுக்குப் பின்னரே திறக்கப்பட்டது. இன்று அதில் வரும் சுற்றுலாப் பயணிகள் இடிந்த தேவாலயத்தைப் படமெடுத்துத் திரும்புகின்றனர். கரைவலை இழுப்போரிடம் பேச நிற்போர் சிலரே.