பரீட்சை ஹால் வளர்த்த பிள்ளை

"ஐ.பி. ஸ்கூல்ல கிராஃபிங் கால்குலேட்டர் வாங்கச் சொல்றாங்க சார், செல்போன்லயே எல்லாம் இருக்கே, எதுக்கு இது?" இங்கே புனேவில் நம்ம ஊர்க்காரர்கள் பலர் கேட்டாச்சு. நானோ பி.காம்., பிளஸ் டூ வரை கிளார்க்ஸ் டேபிள்தான். ஆனாலும் விலையைப் பார்த்ததும் பேங்க்காரப் புத்தி சும்மா இருக்குமா, நோண்டிப் பார்த்தேன்.

1985-ல் காசியோ எஃப்எக்ஸ்-7000ஜி வந்தது. வரைபடம் போட்டுக் காட்டிய முதல் கையடக்கக் கால்குலேட்டர். புரோகிராமுக்கு 422 பைட், திரையில் 96க்கு 64 புள்ளிகள். 1990-ல் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் டிஐ-81 என்று இறங்கியது. அமெரிக்காவில் 1995-லிருந்து ஏபி கால்குலஸ் தேர்வுக்கு இந்தக் கருவி கட்டாயம் என்றானது. கதையே அங்கேதான் மாறுகிறது.

அதே 1995-ல் வந்த டிஐ-92 இயற்கணிதத்தையே குறியீடாகப் போட்டுவிடும். ஆனால் டைப்ரைட்டர் மாதிரி கீபோர்டு இருந்ததால் தேர்வுக்குள் விடவில்லை. கம்பெனிக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கிட்டத்தட்ட அதே மூளையை, கீபோர்டை எடுத்துவிட்டு, 1998-ல் டிஐ-89 ஆக்கினார்கள். உள்ளே விட்டுவிட்டார்கள்! நம்ம ஆடிட்டர்களை மிஞ்சிய வேலை.

அனுமதிப் பட்டியலில் இருப்பதும், வாத்தியாருக்குப் பழகிய பட்டனும்தான் வியாபாரம். அதனால்தான் 2004-ல் வந்த டிஐ-84 பிளஸ்ஸிலும் அதே 96க்கு 64 திரை. டெக்னாலஜி ஓடியது, இது நின்றது, விலையும் இறங்கவில்லை. செல்போனை ஹாலுக்குள் விடமாட்டார்கள் என்பதுதான் இதன் ஆயுள் ரகசியம்.

ஆகவே கடைக்குப் போகும்முன் எந்தத் தேர்வு என்று பாருங்கள். சிபிஎஸ்இ கணக்குத் தேர்வு, ஜேஇஇ என்றால் வாங்கவே வேண்டாம். எஸ்ஏடி கம்ப்யூட்டருக்கு மாறியபின் (வெளிநாடுகளில் 2023, அமெரிக்காவில் 2024) டெஸ்மாஸ் அதற்குள்ளேயே இருக்கிறது. ஐ.பி.க்கு மட்டும் தேவை. அங்கே இயற்கணிதத்தைக் குறியீடாகத் தீர்க்கும் 'காஸ்' மாடல் ஆகாது. எக்ஸாம் மோட் இருக்கவேண்டும். டிஐ-84 பிளஸ் சிஇ, காசியோ எஃப்எக்ஸ்-சிஜி50 மாதிரி போதும், பள்ளியில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு. வாத்தியார் எதை வைத்து நடத்துகிறாரோ அதுவே உத்தமம்.

வாங்கியதும் பிள்ளையை y = x² − 20x போடச் சொல்லுங்கள். −10 முதல் 10 வரையுள்ள வழக்கமான திரையில் ஒரு செங்குத்துக் கோடு மாதிரிதான் தெரியும். அடிப்புள்ளி x = 10, y = −100-ல் ஒளிந்திருக்கிறது. விண்டோவை எவ்வளவு மாற்றினால் முழு வளைவும் தெரியும் என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். அப்படியே டிகிரியா ரேடியனா என்றும் ஒரு முறை பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.