பள்ளியை இழந்த சிறுவன் எழுதிய வரலாறு

காத்தோங் என்றவுடன் பலருக்குப் பெரானாக்கான் வீடுகளும் லக்சாவும் நினைவுக்கு வரும். தமிழர்க்கோ சிலோன் ரோட்டிலுள்ள ஸ்ரீ செண்பக விநாயகர் ஆலயமே முதலில் தோன்றும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கைத் தமிழர் தொடங்கிய வழிபாட்டிடம் அது. அதே சிலோன் ரோட்டில்தான் சிங்கப்பூரின் ஆறாவது அதிபர் எஸ். ஆர். நாதன் அவர்கள் வாழ்ந்தார். 1999 முதல் 2011 வரை அதிபராக இருந்த காலத்திலும் இஸ்தானாவில் குடியேறாமல் தம் சொந்த வீட்டிலேயே தங்கினார்.

அவர் பதவியிலிருந்து இறங்கிய 2011ஆம் ஆண்டிலேயே அவருடைய தன்வரலாறு ஆங்கிலத்தில் வெளிவந்தது. அதன் தலைப்பைத் தமிழில் 'எதிர்பாராத பயணம்' எனலாம். மேல்வகுப்பு மாணவர்க்கு எந்தத் தன்வரலாற்றைக் கொடுக்கலாம் என்று என்னிடம் கேட்கும் பெற்றோர்க்கு நான் முதலில் சொல்வது இந்நூலைத்தான். ஓர் அதிபரின் பெருமை பேசும் நூல் என்று எண்ணி இதைத் தள்ளிவிடுவோர் உண்டு. அவர்களுக்காகவே இக்கட்டுரை.

நாதன் 1924ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் நாள் சிங்கப்பூரில் பிறந்தார். இளமையின் முதற்பகுதி ஜொகூரின் மூவாரில் கழிந்தது. அவருடைய தந்தை ரப்பர்த் தோட்டங்களின் அலுவல்களைக் கவனித்த வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தர். 1930களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. ரப்பர் விலை அதலபாதாளத்தில் வீழ்ந்தது. மலாயாவின் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அந்த வீழ்ச்சி எழுத்தரின் வீட்டையும் விட்டுவைக்கவில்லை. கடன் சுமை தாளாமல் தந்தை தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அப்போது நாதனுக்கு வயது எட்டு.

அதன்பின் நிகழ்ந்தவற்றை அவர் மறைக்காமல் எழுதுகிறார். பள்ளியிலிருந்து இருமுறை நீக்கப்பட்டார். தாயாருடன் ஏற்பட்ட பிணக்கில் வீட்டைவிட்டு வெளியேறினார். கிடைத்த சிறுசிறு வேலைகளைச் செய்து பிழைத்தார். இப்படியொரு மாணவன் இன்று நம் வகுப்பறையில் இருந்தால் நாம் என்ன சொல்வோம்? 'அடங்காதவன்', 'படிப்பு ஏறாதவன்' என்று இரண்டே சொற்களில் முடித்துவிடுவோம். அச்சொற்களில் ரப்பர் விலைக்கும் கடனுக்கும் இடமில்லை. தந்தையின் மரணத்துக்கும் இடமில்லை.

தன்வரலாற்றை வரலாற்றோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். பாடநூலில் பொருளாதார மந்தம் ஒரு பத்தியில் முடிந்துவிடும். தன்வரலாற்றிலோ அது ஒரு குழந்தையின் பள்ளிக் கட்டணமாகவும் ஒரு தாயின் கவலையாகவும் நம் முன் வந்து நிற்கும்.

ஜப்பானியர் ஆட்சிக்காலப் பகுதி இன்னும் சிக்கலானது. இளைஞர் நாதன் ஜப்பானிய மொழியைக் கற்று, ஜப்பானியரிடம் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். அதே காலத்தில்தான் சயாம் மரண ரயில்பாதைக்குத் தோட்டத் தமிழர் கூட்டங்கூட்டமாகக் கொண்டுசெல்லப்பட்டு மாண்டனர். ஆக்கிரமிப்பாளரிடம் வேலை பார்த்தது சரியா என்று மாணவர்கள் கேட்கட்டும், கேட்பதே நன்று. அன்றைய இளைஞனுக்குத் திறந்திருந்த வழிகள் எவை, பிற்காலத்தில் அதை எழுதும் முதியவரின் பார்வை எது என்று பிரித்துக் காணப் பழக்குவது நம் கடமை. நினைவு என்பது சான்றுகளுள் ஒன்று. அதனைப் பிற சான்றுகளோடு ஒப்பிட வேண்டும். 1979இல் தொடங்கப்பட்ட வாய்மொழி வரலாற்று நிலையத்தின் நேர்காணல்கள் நம் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. ஆக்கிரமிப்புக் காலத்தைப் பற்றிய பல குரல்களை அங்கே கேட்கலாம்.

போர் முடிந்தபின் அவர் அஞ்சல்வழிக் கல்வியால் உயர்நிலைப் படிப்பை முடித்தார். பின்னர், சிங்கப்பூரிலிருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1954இல் சமூகவியல் பணிக்கான பட்டயத்தைச் சிறப்புத் தகுதியுடன் பெற்றார். அப்போது அவருக்கு முப்பது வயது. அடுத்த ஆண்டு மருத்துவச் சமூகப் பணியாளராக அரசுப் பணியில் நுழைந்தார். 1956இல் கடலோடிகள் நல அதிகாரியானார். 1974இல் 'லாஜு' படகைக் கடத்தியவர்கள் பிணையாட்களை விடுவிக்க வேண்டுமாயின், அவர்களோடு குவைத்துக்குப் பறக்கச் சிலர் தேவைப்பட்டனர். அக்குழுவுக்குத் தலைமை ஏற்றுச் சென்றவர் நாதன்.

இவ்விடத்தில் நாம் வழக்கமாக 'விடாமுயற்சி வெற்றி தரும்' என்று பாடத்தை முடித்துவிடுகிறோம். நூலைக் கருத்தூன்றிப் படித்தால் வேறொன்றும் தெரியும். பள்ளி வயது கடந்தவர்க்கும் அஞ்சல்வழியில் படிக்க ஒரு வழி இருந்தது. முப்பதை நெருங்கியவரை ஏற்க ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. இரண்டாம் வாய்ப்பு என்னும் கதவு திறந்திருந்ததால்தான் அவருடைய உழைப்பு பலித்தது. கதவு மூடிய வேறு வீடுகளில் இவரைப் போன்றே உழைத்தவர் எத்தனை பேர்! அவர்கள் தன்வரலாறு எழுதவில்லை. ஆகவே, மீண்டெழும் ஆற்றலைப் பிள்ளையிடம் மட்டும் எதிர்பார்ப்பது முறையன்று. அதற்குரிய கதவைத் திறந்து வைப்பது பெரியோரின் பொறுப்பு.

அடையாளம் பற்றியும் இந்நூல் பேசுகிறது. 1942இல் சந்தித்த வங்காளப் பெண்ணான உமியை அவர் மணந்தது 1958இல். இடையிலிருந்த பதினாறு ஆண்டுகளுக்குக் குடும்பங்களின் எதிர்ப்பும் ஒரு காரணம். மொழி வேறு, மரபு வேறு என்று தயங்கிய காலம் அது. ஆயினும் அவர் தமிழரென்ற அடையாளத்தைக் கைவிடவில்லை. 2016 ஆகஸ்ட் 22ஆம் நாள் அவர் மறைந்தார். அரசு மரியாதையுடன் நடந்த இறுதிச் சடங்கில், அவருக்குப் பிடித்த ஒரு தமிழ்த் திரைப்பாடல் ஒலித்தது. 'பொற்காலம்' படத்தில், பல ஊர் மண்ணைக் கொண்டு பொம்மை செய்யும் குயவனின் பாடல் அது. சீனரும் மலாய்க்காரரும் நிறைந்த அவையில் அப்பாடல் ஒலித்ததை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

தமிழில் இம்மரபு வளமானது. உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' ஒரு மாணவனின் வறுமையையும் கல்வி வேட்கையையும் சொல்லும். 1992இல் வெளிவந்த பாமாவின் 'கருக்கு' சாதியால் காயப்பட்ட ஒரு பெண்ணின் பள்ளி வாழ்வைச் சொல்லும். நாதனின் நூலை இவ்விரண்டோடு சேர்த்து வாசிக்கச் செய்யலாம். ஆசிரியர் முதலில் தாம் படித்து, தந்தையின் மரணம் போன்ற பகுதிகளை எப்படிப் பேசுவது என்று தீர்மானித்துக்கொள்வது நலம்.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். தேர்வு முடிவு வந்த நாளில் பிள்ளையின் எதிர்காலத்தைத் தீர்ப்பாகச் சொல்லிவிடாதீர்கள். இருமுறை பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட சிறுவனுக்குப் பட்டயம் முப்பதாவது வயதில் கிடைத்தது என்பதை அன்று ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.