கோலார் தங்கவயலில் சுரங்கப் பாதுகாப்புக் கல்வி

கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் 1880-இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் தொழிலைத் தொடங்கியது. வட ஆற்காடு, சேலம், சித்தூர் மாவட்டங்களிலிருந்து மேஸ்திரிகள் வழியாக ஆள் சேர்க்கப்பட்டது. சுரங்கத்தில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் தமிழ் பேசும் தலித்துகள். நிர்வாகமும் விதிகளும் ஆங்கிலத்தில் இருந்தன. எழுதப் படிக்க வாய்ப்பு மறுக்கப்பட்டவர்களை எழுத்து வடிவிலான எச்சரிக்கை எப்படிக் காப்பாற்றும்?

ஆகவே பாதுகாப்பறிவில் பெரும்பகுதி காதுக்கும் கைக்கும் உரியதாக இருந்தது. ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டு ஓடும்போது ஒற்றை மணி ஒலித்தால் நிறுத்த வேண்டும் என்பது எல்லா மொழிக்காரருக்கும் பொது. வேலைக்கு முன் கூரைப் பாறையைக் கடப்பாரையால் தட்டிப் பார்ப்பார்கள். கணீரென்றால் உறுதி, பொத்தென்றால் பிளவு. வெடிக்காத மருந்து தங்கிய பழைய துளையில் மறுபடி துளையிடக் கூடாது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் இதே மொழிச் சிக்கலுக்காக ஃபனகாலோ என்ற கலப்பு மொழியையே பயிற்றுவித்தார்கள்.

கோலாரின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே சென்றது. அந்த ஆழத்தில், அழுத்தம் தாங்காத பாறை திடீரென வெடித்துச் சிதறும். இதற்குத் தொழிலாளியின் விழிப்பு போதாது. நிலஅதிர்வுக் கண்காணிப்பும் சரியான முட்டுகளும் வேண்டும். தூசியின் கதை இன்னும் கொடியது. 1940-களில் நடந்த மருத்துவப் பரிசோதனையில், சோதிக்கப்பட்டவர்களில் ஐந்தில் இருவருக்கும் மேல் சிலிக்கா தூசி நோய் இருந்தது. கண்ணுக்குத் தெரியாத தூசியைச் சுவாசிக்காதே என்று எந்த மொழியில் சொன்னாலும் பயனில்லை; தண்ணீர் பாய்ச்சித் துளையிடுவதும் காற்றோட்டமும்தான் தடுப்பு. பயிற்சியைக் காட்டி நிர்வாகம் தன் கடமையைத் தட்டிக்கழிக்க முடியாது.

1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டமும், 1966-ஆம் ஆண்டுச் சுரங்கத் தொழிற்பயிற்சி விதிகளும் வந்தபின் பயிற்சி சட்டப்படி கட்டாயமானது. பயிற்சியின் மொழியும் முக்கியம்: அமெரிக்காவில் ஸ்பானிஷ் பேசும் தொழிலாளர்கள் உள்ளிட்டோருக்குப் புரியும் மொழியிலேயே பயிற்சி தர வேண்டும் என்பதைத் தொழில் பாதுகாப்பு நிர்வாகம் 2010-இல் வலியுறுத்தியது.

1956-இல் மைசூர் அரசின் கைக்கும், 1962-இல் மத்திய அரசின் கைக்கும் மாறிய கோலார் சுரங்கங்களை, 1972 முதல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் நடத்தியது. பாறைப் பொறியியல் ஆய்வுக்கான தேசிய நிறுவனம் 1988-இல் இங்கேயே தொடங்கப்பட்டது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. தூசி நோய் வேலையை விட்டுப் பல ஆண்டுகள் கழித்தும் வெளிப்படும் என்பதால், முன்னாள் தொழிலாளர்களுக்கு நுரையீரல் பரிசோதனை தொடர்ந்து தேவைப்படுகிறது.