இங்கிலாந்தின் பாதுகாப்புப் பகுதிகளும் வீட்டை விரித்துக் கட்டும் அனுமதியும்

இங்கிலாந்தில் சொந்த வீட்டோடு ஓர் அறையைச் சேர்த்துக் கட்டவும் அனுமதி வேண்டும் என்ற நிலை 1947-ஆம் ஆண்டின் நகர, ஊரகத் திட்டச் சட்டத்தால் உறுதியானது. 1948 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த அச்சட்டம், நிலம் யாருடையதானாலும் அதில் கட்டும் உரிமையை உள்ளாட்சி மன்றத்தின் ஒப்புதலுக்கு உட்படுத்தியது. ஒவ்வொரு சமையலறைக்கும் மனு வந்து குவிந்தால் அலுவலகங்கள் தாங்கா என்பதால், சிறிய விரிவாக்கங்களுக்குப் பொது ஆணை ஒன்றின் வழியே விலக்குத் தரப்பட்டது. 1950-களில் அந்த வரம்பு 1,750 கன அடி, அல்லது மூல வீட்டின் கன அளவில் பத்தில் ஒரு பங்கு. இரண்டில் எது கூடுதலோ அது. 1948 ஜூலை 1 அன்று நின்ற வடிவமே மூல வீடு. பிறகு கட்டிய வீடானால், முதலில் கட்டி முடித்த வடிவம். இந்த நாள் இன்றும் மாறவில்லை. முந்தைய உரிமையாளர் 1960-ல் சேர்த்த அறையும் இப்போதைய உரிமையாளரின் கணக்கில்தான் கழியும்.

பழமையைக் காக்கும் சட்டம் அப்போது தனிக் கட்டடங்களை மட்டுமே பட்டியலிட்டது. பட்டியலில் இருந்தும் பயனில்லாமல் போனதுண்டு. 1837-ல் எழுந்த யூஸ்டன் ரயில் நிலைய வளைவு 1961-62-ல் இடிக்கப்பட்டது. லண்டனின் நிலக்கரிச் சந்தைக் கட்டடமும் 1962-ல் போயிற்று. சிறப்பான ஒரு வீடு தப்பினாலும், அதற்கு அழகு சேர்த்த பக்கத்து வீடுகள் கார் நிறுத்துமிடமாகவும் அலுவலகக் கட்டடமாகவும் மாறின. தெருவை இழந்த வீடு பாதி இழந்த வீடுதான் என்ற உணர்வு இந்த இழப்புகளிலிருந்தே வளர்ந்தது. பிரான்சில் 1962-லேயே அமைச்சர் ஆந்த்ரே மல்ரோ பழைய நகர்ப்பகுதிகளை முழுதாகக் காக்கும் சட்டத்தைக் கொண்டுவந்திருந்தார். பிரிட்டனில் அந்த வேலையைச் செய்தவர் முன்னாள் வீட்டுவசதி அமைச்சர் டங்கன் சாண்டிஸ். 1957-ல் சிவிக் டிரஸ்ட் அமைப்பைத் தொடங்கிய அவர், தனிநபர் மசோதாவாக முன்வைத்ததே 1967-ஆம் ஆண்டின் நகர்நலச் சட்டம். தனித்தன்மையோ தோற்றமோ காக்கத்தக்கதாக, அல்லது மேம்படுத்தத்தக்கதாக உள்ள இடத்தைப் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கும் கடமையை அது மன்றங்களுக்குத் தந்தது. லிங்கன்ஷையரில் சுண்ணாம்புக்கல் வீடுகள் நிறைந்த ஸ்டாம்ஃபோர்டு நகரம் அதே ஆண்டில் முதல் பகுதியாக அறிவிக்கப்பட்டது.

தொடக்கத்தில் அந்தச் சட்டத்துக்கு வலு குறைவு. பட்டியலில் இல்லாத வீட்டை இடிப்பதை அது தடுக்கவில்லை. 1972-ல் ஓரளவும், 1974-ல் முழுமையாகவும் அந்த ஓட்டை அடைபட்டது. மரத்தை வெட்டவும் ஆறு வார முன்னறிவிப்பு வேண்டும் என்பது 1974-ல் வந்தது.

விரிவாக்க விதி தனிப் பாதையில் பிரிந்தது 1981-ல். மற்ற இடங்களில் வரிசை வீடு அல்லாதவற்றுக்கு வரம்பு 70 கன மீட்டர் அல்லது 15 விழுக்காடு என்று உயர்ந்தபோது, பாதுகாப்புப் பகுதிகளில் பழைய 50 கன மீட்டர் அல்லது 10 விழுக்காடே நீடித்தது. 2008 அக்டோபரில் கூரை தவிர மற்ற விரிவாக்கங்களுக்குக் கன அளவுக் கணக்கே கைவிடப்பட்டது. பின்புறம் ஒற்றைத் தளமாக, ஒட்டிய வீட்டுக்கு 3 மீட்டரும் தனி வீட்டுக்கு 4 மீட்டரும் அனுமதியின்றி நீட்டலாம் என்றாயிற்று. இது பாதுகாப்புப் பகுதிக்கும் பொருந்தும். ஆனால் அங்கே பக்கவாட்டில் நீட்டுவது, பின்புறம் இரண்டு தளம் எழுப்புவது, கூரையைப் பெருக்குவது, சுவருக்கு மேலுறை பதிப்பது எல்லாவற்றுக்கும் மனுப் போட வேண்டும். இந்தப் பிரிவினை நியாயமானது. பின்கட்டு பெரும்பாலும் தெருவுக்குத் தெரியாது. ஆனால் இரு வீடுகளுக்கிடையே தெரியும் வானமும் தோட்டமும் தெருவின் இயல்பில் பாதி. அந்த இடைவெளி அடைபட்டால், தனித்தனி வீடுகள் ஒரே நீள வரிசையாகிவிடும்.

மனு எந்த அளவுகோலில் தேற வேண்டும் என்பதை நீதிமன்றங்கள்தான் தெளிவாக்கின. தீங்கில்லை என்பது மட்டும் போதாது, காப்பதா மேம்படுத்துவதா என்று பார்க்க வேண்டும் என்று 1980-களின் இறுதியில் உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது. ஒவ்வொரு புதுக் கட்டுமானமும் அந்த இடத்தை முன்னிலும் நன்றாக்கியே தீர வேண்டும் என்று பலர் அதைப் புரிந்துகொண்டனர். கும்பிரியாவின் கார்ட்மல் கிராமத்தில், பாதிரியார் இல்லத்தின் தோட்டத்தில் புதிய இல்லம் கட்டும் வழக்கு பிரபுக்கள் சபைவரை போனது. அந்த இடத்தின் தனித்தன்மை கெடாமல் நிற்குமானால் அதுவே காத்ததாகும் என்று 1992-ல் தீர்ப்பு வந்தது. இந்தத் தீர்ப்பு இல்லாதிருந்தால், எளிய வீட்டுக்காரரின் சாதாரணப் பின்னறைகூடத் தேறியிருக்காது. காப்பதையும் மேம்படுத்துவதையும் கருத்தில் கொள்ள வேண்டிய மன்றங்களின் கடமை இன்று 1990-ஆம் ஆண்டுத் திட்டச் சட்டத்தின் 72-ஆம் பிரிவில் உள்ளது.

மனுவோடு வரைபடங்களும், அந்த இடத்தின் மரபுச் சிறப்பையும் அதில் புதுக் கட்டுமானம் உண்டாக்கும் விளைவையும் விளக்கும் அறிக்கையும் போக வேண்டும். அறிவிப்பு வெளியாகி 21 நாள் அக்கம்பக்கத்தார் கருத்துச் சொல்லலாம். எட்டு வாரத்தில் முடிவு வர வேண்டும். மறுத்தால் 12 வாரத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம். மூல வீட்டுக்கு அடங்கி, கூரை முகடு சற்றுத் தாழ்ந்து, முன்சுவரிலிருந்து உள்வாங்கி நிற்கும் வடிவமே அதிகாரிகளிடம் எளிதில் தேறுகிறது.

ஆனால் தெருக்கள் அதிகம் இழந்தது பெரிய விரிவாக்கங்களால் அல்ல. பழைய மரச் சன்னல்களை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் சன்னல் வைக்கப் பொதுவாக அனுமதி தேவையில்லை. மரபுக் காப்பு அமைப்பான இங்கிலீஷ் ஹெரிடேஜ் 2009-ல் நடத்திய ஆய்வில், பொருத்தமற்ற சன்னல், கதவு மாற்றமே மிகப் பரவலான சேதமாகத் தெரிந்தது. இதைத் தடுக்கும் கருவி, பொது விலக்கைக் குறிப்பிட்ட தெருவுக்கு மட்டும் நீக்கும் 4-ஆம் பிரிவு ஆணை. 1995 முதல் பாதுகாப்புப் பகுதிகளில் அமைச்சரின் ஒப்புதல் இல்லாமலே மன்றங்கள் இதைப் பிறப்பிக்க வழி பிறந்தது. இருந்தும் பல மன்றங்கள் தயங்குகின்றன. அந்தத் தயக்கம் தவறானது.

2013-ல், இடிப்பதற்கென்று தனியாக இருந்த ஒப்புதல் முறை திட்ட அனுமதியுடன் இணைக்கப்பட்டது. அனுமதியின்றி இடிப்பது குற்றம் என்பது அப்படியே இருக்கிறது. அனுமதியின்றி விரித்துக் கட்டியதை நான்கு ஆண்டுக்குள் தட்டிக் கேட்காவிட்டால் மன்றம் பிறகு கைவைக்க முடியாது என்ற விதி நெடுநாள் நிலவியது. 2024 ஏப்ரல் 25 முதல் இங்கிலாந்தில் அந்தக் கெடு பத்து ஆண்டு.