ஜீப்பின் பின்னச்சு விகிதம்

மோட்டார் வண்டியின் பின்னச்சுக்குள் சிறிய பினியன் ஒன்று பெரிய கிரவுன் சக்கரத்தைச் சுழற்றுகிறது. பட்டறைகளில் இந்த இணையைக் 'கிரவுன் பினியன்' என்பார்கள். கிரவுனின் பற்களைப் பினியனின் பற்களால் வகுத்தால் கிடைப்பது பின்னச்சு விகிதம்.

1908இல் வெளிவந்த ஃபோர்டு டி மாடலில் பற்கள் 40, 11, விகிதம் 3.64. சமவெளிக்கு அது போதுமானது. செங்குத்தான ஏற்றத்தில் பலர் வண்டியைத் திருப்பி, ரிவர்ஸ் கியரில் பின்னோக்கி ஏற்றினர். அந்தக் கியருக்கு இழுவை அதிகம். மேலும், பெட்ரோல் பம்ப் கிடையாது. இருக்கையின் அடியிலுள்ள தொட்டியிலிருந்து பெட்ரோல் தானாக இறங்கித்தான் எஞ்சினுக்கு வரும். மூக்கு உயர்ந்தால் அது நின்றுவிடும்.

இரண்டாம் உலகப்போர்க் கால வில்லிஸ் ஜீப்பில் விகிதம் 4.88. 1945இல் உழவர்களை எண்ணி விற்பனைக்கு வந்த சிஜே-2ஏ ஜீப்பில் அது 5.38 ஆயிற்று (43 பல், 8 பல்). கலப்பை இழுக்க வேகம் எதற்கு? டாப் கியரில் சக்கரம் ஒருமுறை சுற்ற எஞ்சின் ஐந்து முறைக்கு மேல் சுற்றும். நெடுஞ்சாலையில் இரைச்சல்தான் மிச்சம்.

1947இல் மகிந்திரா நிறுவனம் இந்தியாவில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியது. நம் மலைத் தோட்டப் பாதைகளில் ஜீப் நிலைத்ததற்கு நான்கு சக்கர இழுவையோடு இந்தத் தாழ்ந்த கியரும் காரணம்.

பழைய ஜீப்பில் பின்னச்சை மட்டும் வேறு விகிதத்துக்கு மாற்றுவது ஆபத்து. முன்னச்சோடு அது ஒத்துப்போகாவிட்டால், நான்கு சக்கர இழுவையில் இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து முறுக்கிக்கொள்ளும், பல் உடையும்.